எரிக்க வேண்டாம் அந்தக் கடிதங்களை!



நான் இப்பள்ளியில் பயின்ற நாளில், இறுதித் தேர்வு நெருங்கியதும் எங்கள் கைகளில் புதிதாக ஒரு நோட்டு முளைக்கும். ரோஜா நிறம், நீல நிறம், மஞ்சள் நிறம் என்று தாள்கள் மாறி மாறி வரும் ஆட்டோகிராஃப் நோட்டுதான் அது. ஆசிரியையிடம் ஓடுவோம், சிஸ்டரிடம் தயங்கி நிற்போம், தோழியரிடம் கெஞ்சுவோம். நன்றாகப் பாடும் தோழியிடம் மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கிக் கொடுப்போம். "நாளை நீ பெரிய பாடகி ஆகிவிட்டால் இந்தக் கையெழுத்துக்கு மதிப்பு வரும்" என்று சிரித்துக்கொள்வோம்.

அந்தச் சிரிப்புக்குள் ஓர் உண்மை ஒளிந்திருந்தது என்பதை நான் காலம் கடந்தே உணர்ந்தேன். பாடகியரின் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு எது? காசு மதிப்பா, வேறொன்றா? நம் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு கடிதம் கிடந்தால் அதை நாம் என்ன செய்ய வேண்டும்? இதைப் பற்றி என் மனத்தில் பட்டதை இம்மலரில் எழுத விரும்புகிறேன். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் எண்ணமும் எனக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மேலைநாடுகளில் ஓபரா என்று ஒரு கலை உண்டு. அதில் பேச்சு குறைவு. பாட்டே கதையை நடத்திச் செல்லும். ஸ்வீடன் நாட்டிலே பிறந்த ஜென்னி லிண்ட் (1820-1887), பின்னர் வந்த அடெலினா பட்டி (1843-1919) முதலிய பாடகியர் அக்கலையின் அரசிகளாய்த் திகழ்ந்தார்கள். அவர்கள் தம் கைப்பட எழுதிய கடிதங்களைத் தேடித் தேடிச் சேர்ப்போர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஏலத்தில் எடுக்கிறார்கள், கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிறார்கள், நூலகங்களுக்கும் கொடுக்கிறார்கள். ஜென்னி லிண்ட் பாடியதை இன்று எவரும் கேட்க இயலாது. ஒலியைப் பதிவு செய்யும் கருவி வருமுன்பே அவர் ஓபரா மேடையை விட்டு விலகிவிட்டார். அவர் குரல் காற்றோடு போயிற்று. கை எழுதியது தாளில் நிற்கிறது.

"அது அவர்கள் நாட்டுக் கதை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். தங்கையரே, நமக்கும் ஓர் ஓபரா இருந்தது. அதன் பெயர் இசை நாடகம். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி என்ற பெயர்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். அவற்றை எழுதிய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) தூத்துக்குடிச் சீமையில் பிறந்து, ஊர் ஊராய்ச் சுற்றி, கடைசியில் கண்மூடியது எங்கே தெரியுமா? நம் உப்பளக் கரையிலிருந்து 35 கிலோமீட்டர் தொலைவு கூட இல்லாத புதுச்சேரியில்! கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குத் துணி எடுக்கவும், வைத்தியம் பார்க்கவும் போய்வருகிறோம். ஒருமுறையேனும் அங்கே இறங்கி ஒரு பூவை வைத்திருக்கிறோமா?

சுவாமிகள் அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை ஒரே இரவில் உட்கார்ந்து எழுதி முடித்தார் என்று, அவரிடம் சிறுவராய்ப் பயின்ற டி.கே. சண்முகம் 1972இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பாட்டும் வசனமுமாய் ஒரு முழு நாடகம், ஒரே இரவு! அந்தக் கை எவ்வாறு ஓடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சுவாமிகளின் நாடகங்களைப் பாடி நடித்தவர்களில் தலைசிறந்த இணை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும். கிட்டப்பா 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமையிலே வளர்ந்து, சிறுமியாக நாடக மேடை ஏறியவர். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழும்படி பாடியவர்கள் இருவரும். 1926இல் இலங்கையில் சேர்ந்து நடித்தார்கள். பிறகு வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். ஆனால் கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தது. பிணக்கு வந்தது, பிரிவு வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது 27. இருபத்தைந்து வயதுச் சுந்தராம்பாள் அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை 1980இல் தாம் மறையும் வரை மாற்றவில்லை.

வெள்ளைப் புடவையோடு அவர் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. 1935இல் வந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அக்காலத்தில் நாடே வியந்து பேசிய செய்தி. 1953இல் ஔவையாராக வந்தார். சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை.

பலர் அறியாதது ஒன்று உண்டு. பிரிந்திருந்த காலத்தில் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்குத் தம் கைப்படக் கடிதங்கள் எழுதினார். அவற்றுள் சில அழியாமல் தப்பிப் பின்னாளில் அச்சேறின. அவற்றைப் படித்தவர்கள் வேறொரு சுந்தராம்பாளைக் கண்டார்கள். மேடையில் முருகனை அழைத்த அந்தக் கணீரென்ற குரல் இங்கே தணிந்து ஒலிக்கிறது. அன்பு, கோபம், மானம், உரிமையோடு கேட்கும் கேள்வி எல்லாம் ஒரே தாளில் அடுத்தடுத்து வருகின்றன. பெரிய பள்ளிப் படிப்பு இல்லாத ஒரு பெண், நாடெங்கும் புகழ் பெற்ற ஒரு மனிதருக்கு முன் தன் நியாயத்தைத் தானே எடுத்து வைக்கிறாள்!

அக்கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் அளவே பாட்டு அடங்கும். அந்த மூன்று நிமிடத்தில் வித்தை தெரியும். பாடியவரின் வாழ்வு தெரியாது. வாழ்வைக் காட்டுவது கடிதம். ஆகவேதான், பாடகியரின் கடிதங்களைச் சேர்த்துப் பாதுகாப்பது பொழுதுபோக்கு அன்று, அது ஒரு கடமை என்பது என் கருத்து.

நிற்க. இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

என் ஆயாவுக்கு ஒரு தங்கை இருந்தார். சின்ன ஆயா என்று நாங்கள் சொல்வோம். ஒன்பது வயதில் அவரை ஒரு நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். மழை தவறாமல் கொட்டி, உப்பு விளையாமல், வீட்டில் அடுப்பு எரியாத ஆண்டு அது. ஒரு வாயாவது வேளாவேளைக்குச் சாப்பிடட்டும் என்று அனுப்பினார்களாம். அங்கே பாடம் மனப்பாடம் செய்ய வேண்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் பெண் அவர்தான். பள்ளிக்கூடம் செய்யாததை நாடகக் கம்பெனி செய்தது!

சின்ன ஆயா வள்ளியாக வேடம் கட்டினார். ஊர் ஊராய்ப் போனார். போன ஊரிலிருந்தெல்லாம் அக்காவுக்குக் கடிதம் போட்டார். என் ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. உப்பளத்தில் கணக்கெழுதும் பெரியவர்தான் மாலையில் பாத்தி ஓரத்தில் நின்று வாசித்துக் காட்டுவார். அயலார் வாசிப்பார் என்று அறிந்ததால் சின்ன ஆயா மனத்தில் உள்ளதை நேராக எழுதமாட்டார். அக்காவும் தங்கையும் தமக்குள் ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள். "இந்த ஊர்ச் சாப்பாட்டில் உப்பு போதவில்லை" என்று எழுதினால், இங்கே எனக்கு நல்ல காலமில்லை என்று பொருள். "உப்பு சரியாக இருக்கிறது" என்றால் கவலைப்படாதே என்று பொருள். வாசித்தவருக்கு அது சமையல் செய்தி. கேட்டவருக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். இதை ஆயா எனக்குச் சொல்லும்போது எனக்குப் பத்து வயது.

கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அஞ்சலட்டைகளும் உறைகளுமாய், வாழை நாரால் கட்டிய நான்கைந்து கட்டுகள். ஆயா இறந்தார். அடுத்த ஆண்டு என் அத்தைக்கு ஒரு நல்ல இடத்திலிருந்து வரன் வந்தது. குடும்பத்தில் ஒரு நாடகக்காரி இருந்தாள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்பு, "அந்தப் பெட்டியை எடுத்துக்கிட்டு வா" என்றார்கள். எடுத்துச் சென்றேன். வெந்நீர் அடுப்பின் வாயில் ஒவ்வொரு கட்டாக நீட்டினேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். குறிப்பின் பொருள் எனக்குத் தெரியும், தங்கையரே! ஒரு கட்டைப் பிரித்து எத்தனை இடத்தில் உப்பு போதவில்லை என்று இருக்கிறது என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அன்று வெந்நீர் சீக்கிரம் கொதித்தது என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

ஒரே ஓர் அஞ்சலட்டை தப்பியது. பழைய பஞ்சாங்கத்துக்குள் அடையாளத்துக்காக யாரோ செருகி வைத்திருந்தார்கள். ஊதா நிறம் விழும் காப்பியிங் பென்சிலால் எழுதியது. அடுத்த வாரம் கம்பெனி புதுச்சேரிக்கு வருகிறது என்றும், ஒரு ராத்திரி வந்து தன்னை மேடையில் பார்த்துவிட்டுப் போகும்படியும், வரும்போது வீட்டுக் கருவாடு கொஞ்சம் கொண்டுவரும்படியும் எழுதியிருக்கிறார். கடைசி வரியில் உப்பு போதவில்லை என்று இருக்கிறது. ஆயா போனாரா? தங்கையை மேடையில் பார்த்தாரா? அடுத்த கடிதத்தில் அதற்கு விடை இருந்திருக்கும். அந்தக் கடிதத்தைத்தான் நான் எரித்துவிட்டேன்.

இந்தக் கதையைச் சொல்லி, கடிதங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று நான் வாதாடும்போது, என் அம்மாவே எனக்கு எதிராகப் பேசுவார். "அது அவங்க அக்காவுக்கு எழுதினது. உனக்கா எழுதினாங்க? செத்துப்போனவங்க கடிதத்தைப் படிக்கிறது ஒட்டுக் கேட்கிற மாதிரிதான்!" என்பார். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. பிறர் கடிதத்தைப் பிரிக்கக்கூடாது என்று நமக்கு வீட்டிலும் பள்ளியிலும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

பெரியோரும் இவ்வாறே எண்ணியிருக்கிறார்கள். இத்தாலிய ஓபரா மேதை வெர்டி, தமக்கு முன் வாழ்ந்த பெல்லினி என்ற இசைமேதையின் கடிதங்களை அச்சிட்டு வெளியிட்டதைக் கண்டு வருந்தினார். அவசரத்தில், உலகம் படிக்கும் என்ற எண்ணமின்றி எழுதியவற்றை ஏன் தோண்டி எடுக்க வேண்டும் என்று நண்பருக்கு எழுதிக் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. ஆனால் அதை அவர் கேட்டதும் ஒரு கடிதத்தில்தான்! அந்தக் கடிதத்தை ஒருவர் பாதுகாத்து வைத்ததனால்தான் அவருடைய நியாயமும் இன்று நமக்குத் தெரிகிறது. வெர்டியின் துணைவியார் ஜோசப்பினா ஸ்ட்ரெப்போனி (1815-1897) ஒரு பாடகியே. 1842இல் மிலான் நகரில் வெர்டிக்குப் பெரும்புகழ் தேடித் தந்த நபுக்கோ ஓபராவின் முதல் அரங்கேற்றத்தில் பாடியவர். அவர் தாம் எழுதும் கடிதங்களுக்கு நோட்டுகளில் படி எடுத்து வைத்திருந்தார். வெர்டியின் வீட்டு வாழ்வைப் பற்றி உலகம் இன்று அறிந்ததில் பெரும்பங்கு அந்த நோட்டுகளால் வந்தது.

நம் நாட்டிலும் இக்கேள்வி உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் இளமையில் எழுதிய சில கடிதங்கள் 2004இல் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்றில் இடம் பெற்றன. அதைச் செய்திருக்க வேண்டுமா? என் மனம் இரண்டு பக்கமும் சாய்கிறது. அக்கடிதங்கள் அழியாமல் இருந்தது நல்லது என்று ஒரு பக்கம். எல்லோர் கைக்கும் அவ்வளவு விரைவில் போயிருக்க வேண்டியதில்லை என்று மற்றொரு பக்கம்.

இங்கேதான் ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாகக் காண வேண்டும். பாதுகாப்பது வேறு; படிப்பது வேறு; அச்சிடுவது வேறு. என் அம்மா சொல்வது படிப்பதற்கும் அச்சிடுவதற்கும் பொருந்தும். எரிப்பதற்கு அது நியாயம் ஆகாது. எழுதியவர் எரித்துவிடு என்று சொல்லியிருந்தால் எரிக்கலாம். அது அவர் உரிமை. அவர் அப்படிச் சொல்லாதபோது, வெட்கப்படுகிற நாம் எரிக்கலாமா? பெட்டிக்குப் பூட்டுப் போடலாம். ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்கவும் என்று மேலே எழுதி வைக்கலாம். சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருந்தால் அவர்கள் சம்மதம் கேட்கலாம். பூட்டிய பெட்டியைப் பேத்தி ஒருநாள் திறக்க முடியும். அடுப்புச் சாம்பலிலிருந்து ஒரு வரியையும் எவராலும் மீட்க முடியாது.

அடுத்த தடை வெட்கம். நாடகத்தில் பாடிய பெண்களை நம் சமூகம் இரவில் கைதட்டிப் பார்த்தது. பகலில் வாசலில் நிற்கவைத்தது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். ஆண் வேடத்தையும் பெண்களே கட்டினார்கள். தொழிலாளிகளுக்குச் சம்பளம் கொடுத்து, ஊர் ஊராய்க் கொட்டகை போட்டு ஒரு நிறுவனத்தையே நடத்திய அந்த அம்மையாரின் திறமையை இன்று மேலாண்மைப் பாடமாக வைக்கலாம்! ஆனால் அவரைப் போன்றோரின் வாழ்வைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மற்றவர்கள், அதிலும் ஆண்கள், எழுதிய குறிப்புகளே. அந்தப் பெண்கள் தம் வாயால் சொன்னது குறைவு. அதைச் சொல்லியிருக்கக்கூடிய தாள்கள் எத்தனை வீடுகளில் வெந்நீர் அடுப்புக்குப் போயிருக்கும்! அவர்கள் சம்பாத்தியத்தில் தம்பியர் படித்தார்கள், தங்கையர் கரையேறினார்கள், வீடு கட்டினார்கள். சின்ன ஆயா அனுப்பிய மணியார்டரில்தான் எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு வேய்ந்தார்கள் என்று பிறகு அறிந்தேன். அந்த ஓட்டின் கீழே நின்றுதான் நாங்கள் அவர் கடிதத்தை எரித்தோம்.

சேகரிப்போர் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கடிதத்தைப் படிக்காமல், அடியில் உள்ள கையொப்பத்தை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டுவது மேலைநாட்டில் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. கத்தரிக்கோல் பட்ட கடிதங்கள் பாழாயின. விலை ஏறும் என்று வாங்கி, விலை ஏறியதும் விற்று, ஒரு பாடகியின் கடிதங்களைப் பத்து நாடுகளில் சிதறவிட்டோரும் உண்டு. காசுக்காகச் சேர்ப்பவர் கையில் கடிதம் சரக்கு ஆகிவிடுகிறது.

அதே கத்தரிப்பை அன்பினால் செய்தவரும் ஒருவர் உண்டு. நம் தென்கடற்கரைப் பரதவர் குப்பங்களில் நடந்து திரிந்த புனித சவேரியார், 1546இல் தொலைதூரத் தீவொன்றிலிருந்து எழுதுகையில், ஐரோப்பாவிலுள்ள தம் தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களை மட்டும் வெட்டி எடுத்துத் தம்மோடு வைத்திருப்பதாகத் தெரிவித்தார். கடல் தாண்டி இருந்தவருக்கு அந்த எழுத்தே தோழர்களின் முகம். கையெழுத்துக்கு உள்ள மதிப்பு எது என்று தொடக்கத்தில் கேட்டேனே, அதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

நல்ல சேகரிப்பாளருக்கு இரண்டு எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பாலின் வியார்டோ (1821-1910) என்பவர் புகழ்பெற்ற ஓபரா பாடகி. மோட்ஸார்ட் தம் கையால் எழுதிய டான் ஜியோவானி ஓபராவின் மூலப்படி விலைக்கு வந்தபோது, அவர் 1855இல் தம் நகைகளை விற்று அதை வாங்கினார். அதற்கென ஒரு பேழை செய்து வைத்தார். வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டினார். விற்கவில்லை. 1892இல் பாரிஸ் இசைக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். இன்று அது பிரான்ஸ் நாட்டுத் தேசிய நூலகத்தில் உள்ளது. பெண்களே, நகையை விற்றுத் தாள் வாங்கிய பெண்ணும் உலகில் உண்டு!

மற்றொருவர் நம்மவர். செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். கோடீசுவரர் அல்லர். நூல்களோடு, மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் முதலியவற்றையும் வாழ்நாள் எல்லாம் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆனால் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக நிறுவ வழி செய்தது. இன்று தமிழ் நாடகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் எவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் படியை மிதிக்காமல் இருக்க முடியாது. வீதியில் பறந்த நோட்டீசு அங்கே வரலாறாகிவிட்டது.

நாம் என்ன செய்யலாம்? மரக்காணத்தார்க்கு இதில் மற்றவர்களைவிட அவசரம் அதிகம். நம் உப்பு மீனைக் கெடாமல் காக்கும், தாளைக் காக்காது. உப்புக் கலந்த கடற்காற்று ஈரத்தை இழுத்து வரும். ஈரம் பட்ட தாளில் பூஞ்சை பூக்கும். பேனா மை ஊறிப் பரவும். குண்டூசி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். கழுவெளி நிரம்பினால் தெருவில் தண்ணீர். 2011இல் தானே புயல், 2020இல் நிவர் புயல், 2024இல் ஃபெஞ்சல் புயல் என்று நம் கரையைத் தாக்கிய ஒவ்வொரு புயலும் எத்தனை வீட்டுப் பெட்டிகளை நனைத்துப் போயிருக்கும்!

ஆகவே சில எளிய யோசனைகள்.

முதலாவது, பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். பரணிலோ அலமாரியின் மேல்தட்டிலோ, உள்சுவர்ப் பக்கமாக வையுங்கள்.

இரண்டாவது, குண்டூசி, ரப்பர் வளையம், கிளிப் இவற்றை எடுத்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். நாளாக நாளாக அந்தப் பசை பழுப்பேறி எழுத்தையும் கெடுத்துவிடும். பளபளவென்று லேமினேட் செய்வதும் கூடாது. செய்தபின் கடிதத்தை அதிலிருந்து மீட்க முடியாது.

மூன்றாவது, மடிப்பைப் பிரித்து, சுத்தமான பருத்தித் துணியிலோ நல்ல வெள்ளைத் தாள் உறையிலோ வையுங்கள். மழைக்காலம் போனதும் நிழலில் காற்றாட எடுத்து வையுங்கள். வெயிலில் காயப் போடாதீர்கள். ஓலைச்சுவடிக்கு நம் முன்னோர் வசம்பு வைத்தார்கள். நாமும் ஒரு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம். தாளின்மேல் நேரே படக்கூடாது.

நான்காவது, இன்று பெரும்பாலான வீடுகளில் கைப்பேசி இருக்கிறது. கடிதத்தின் இரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். ஆனால் எடுத்தவுடன் ஊருக்கெல்லாம் அனுப்பிவிடாதீர்கள். என் அம்மாவின் கேள்வியை அந்த இடத்தில் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியமானது. கடிதத்தைப் பற்றி வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, அந்த ஊர் எது, அந்தப் பாட்டு எது? எங்கள் வீட்டு அஞ்சலட்டையை எந்த அறிஞரிடம் கொடுத்தாலும், உப்பு போதவில்லை என்பதைச் சாப்பாட்டுக் குறை என்றே அவர் எழுதிக்கொள்வார். ஆயா சொல்லாமல் போயிருந்தால் நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். தாள் பாதி, அதன் பொருளை அறிந்த மனிதர் மற்றொரு பாதி. இரண்டில் எது முதலில் அழியும் என்று சொல்ல முடியாது.

"எங்கள் வீட்டில் பாடகி யாரும் இல்லையே" என்று சில தங்கையர் கேட்கலாம். இருக்கட்டும். நம் பகுதியில் தெருக்கூத்துக் கட்டியவர்கள் இருப்பார்கள். கோவிலில் பாடிய அத்தை, நாற்று நடவில் பாடிய பாட்டி, ஆலயப் பாடகர் குழுவில் பாடிய பெரியம்மா இருப்பார்கள். அவர்கள் எழுதிய பாட்டு நோட்டு எங்காவது இருக்கும். தேடிப் பாருங்கள். நம் பள்ளியிலேயே, பழைய மாணவியர் எழுதிய கடிதங்களுக்கும் பாட்டு நோட்டுகளுக்கும் ஓர் அலமாரி ஒதுக்கலாம் என்று நிருவாகத்தாரிடம் பணிவுடன் வேண்டுகிறேன். உரியவர் விரும்பினால் பூட்டி வைக்கும் வசதியோடு அது இருக்க வேண்டும். அந்த அலமாரிக்கு முதல் பொருளாக, ஊதாப் பென்சிலால் எழுதிய ஓர் அஞ்சலட்டையை நான் தர ஆயத்தமாய் இருக்கிறேன். அம்மாவிடம் சம்மதம் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மேலே சின்னம்மா பேரை எழுதிக் குடு" என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை உரக்கச் சொல்லி ஐம்பது ஆண்டு ஆகியிருக்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்தப் பழமொழியை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை. நமக்கு உப்பிட்டவர்களில் பாடிச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காத்த பெண்களும் உண்டு. அவர்களை நினைக்க நமக்கு மிஞ்சியிருப்பவை சில தாள்கள்தாம். அவற்றையும் எரிக்க வேண்டாம்.

— ஒரு பழைய மாணவி